கர்னல் குடிக்காத காப்பி

ஒரு ராஜாவை நாட்டைவிட்டு அனுப்பிய மனிதருக்கு உப்பில்லாத இட்லி வார்த்துக் கொடுக்கும் வேலை எனக்கு வந்து சேர்ந்தது. நான் படித்தது ஐந்தாம் வகுப்பு. கோயமுத்தூர் கணபதியில் எங்கள் வீட்டு மாடியில் இரண்டு அறைகள் இருக்கின்றன. ஆஸ்பத்திரிக்கு வரும் வெளிநாட்டுக்காரர்களுக்கு என் மகன் செந்தில் அவற்றை வாடகைக்கு விடுகிறான். சமையல் என் பொறுப்பு. சாப்பாட்டை மாடிப்படியில் வைத்துவிட்டு நான் கீழே இறங்கிவிடுவேன். புது முகத்தைப் பார்த்தால் எனக்குப் பேச்சு வராது. சின்ன வயதிலிருந்தே அப்படித்தான்.

இந்தக் கர்னலுக்கு எண்பத்தைந்து வயது. அரபு நாட்டுக்காரர். எந்த நாடு என்று எழுத வேண்டாமென்று கேட்டுக்கொண்டார். அங்கே இன்னும் அவருடைய தங்கை பிள்ளைகள் குடியிருக்கிறார்கள். அவருக்கு இதயத்தில் ஒரு வால்வு பழுது. திங்கட்கிழமை மாற்றுவதாக ஏற்பாடு. உடன் வந்தவர் மகள் ஹுதா. டீச்சர், ஐம்பது வயதிருக்கும். இருவருக்கும் பேச்சுத் துணை சலீம் பாய். கோட்டைமேட்டுக்காரர். வளைகுடாவில் இருபது வருஷம் கடை நடத்திவிட்டு வந்து, இப்போது ஆஸ்பத்திரிகளில் அரபிக்காரர்களுக்கு மொழிபெயர்க்கிறார். அவர்களை ஏற்றிச் செல்லும் காரும் அவருடையதே.

வியாழக்கிழமை காலையில் மூன்று பேரும் என் அடுப்படி வாசலில் வந்து நின்றார்கள். கர்னல் ஒரு பழைய போட்டோவை நீட்டினார். பெல்பாட்டம் போட்ட வாலிபன் ஒருவன், தண்ணீர் இறைக்கும் மோட்டார் மேல் கையை வைத்துக்கொண்டு சிரிக்கிறான். பின்புறம் இங்கிலீஷில் எழுதியிருந்ததை சலீம் பாய் படித்தார்.

"ரங்கசாமி, கணபதி, கோயமுத்தூர். அவ்வளவுதானுங்க்கா. இந்த ஆளைப் பார்த்து ஒரு வார்த்தை கேக்கோணுமாம். கேக்காம ஆபரேசன் மேசையில ஏற மாட்டேங்கறாரு. டாக்டரு ஒரு நாள் கூடத் தள்ள முடியாதுங்கறாரு."

ஹுதா என் கையைப் பிடித்துக்கொண்டு ஏதோ சொன்னார். தெரியாத ஊரில் ஆண்களோடு வீடு வீடாக ஏறி இறங்கக் கூச்சமாக இருக்கிறது, பெண் துணைக்கு நீங்கள் வர வேண்டும் என்று சொன்னாராம்.

"நீங்க சும்மா உக்காந்துட்டு வந்தாப் போதுமுங்க்கா," என்றார் சலீம் பாய். "ஒரு வார்த்தை பேச வேண்டியதில்லீங்க. அதுக்கு நான் உத்தரவாதம்."

அந்த உத்தரவாதத்தை நம்பித்தான் காரில் ஏறினேன். அப்படியாக, அயல்நாட்டுக்கு வந்தவர் அவர், பயணம் போனது நான்.

முதல் நாள் எங்கள் ஊருக்குள்ளேயே தீர்ந்தது. அந்த வாலிபன் வேலை பார்த்த மோட்டார் கம்பெனி இருந்த இடத்தில் இப்போது கல்யாண மண்டபம் நிற்கிறது. யார் வீட்டுக் கல்யாணமோ தெரியாது, வாசலில் நின்ற எங்களுக்குச் சந்தனமும் கல்கண்டும் கொடுத்து உள்ளே வரச் சொன்னார்கள். கர்னல் சந்தனத்தை நெற்றியில் பூசிக்கொண்டு ராணுவ சல்யூட் ஒன்று வைத்தார். பெண் வீட்டார் பதிலுக்குக் கும்பிட்டார்கள். பக்கத்து டீக்கடையில் இருந்த பழைய மோல்டிங் தொழிலாளி ஒருவர், "ரங்கசாமிங்களா? அவரு அந்தக் காலத்துலயே கணபதிய உட்டுப் போயிட்டாப்ல. உடுமலைப் பக்கம்னு கேள்வி," என்றார். அதோடு அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டது எனக்கு ஒரு மாதிரியாக இருந்தது.

வெள்ளிக்கிழமை உடுமலைப்பேட்டைக்குப் புறப்பட்டோம். வழியெல்லாம் கர்னல் தன் கதையைச் சொல்லிக்கொண்டு வந்தார். சலீம் பாய் அதைத் தமிழில் சொல்லச் சொல்ல, கர்னலும் நம்ம ஊர்க்காரராகவே ஆகிப்போனார்.

"நான் அப்போ சின்ன ஆபீசருங்க. அரபு பேசறவங்க எல்லாம் ஒரே சனம், ஒரே நாடாகோணும்னு எங்களுக்கு ஒரு வெறி. ராஜாவ அனுப்பறதுன்னு முடிவாச்சு. ரேடியோ ஸ்டேசனைப் பிடிக்கற வேலை எனக்கு. பதினோரு சிப்பாய், ஒரு டாங்கி. போனா, வாச்மேன் கதவைத் தொறக்க மாட்டேங்கறான். சாவி மேனேஜர் ஊட்டுல இருக்குது, ஒம்பது மணிக்குத்தான் வருவாருங்கறான்."

"அப்புறம்?" என்று சலீம் பாயே கேட்டார். அவருக்கும் கதை புதிது.

"டாங்கிய வெளிய நிறுத்திப்போட்டு, அவன் குடுத்த டீயைக் குடிச்சுட்டு உக்காந்திருந்தோம். மேனேஜர் வந்து தொறந்தாரு. நான் உள்ள போயி, இனி ராஜா இல்லைன்னு படிச்சேன். எங்கம்மா கேட்டுட்டு, குரல் கட்டியிருக்குதே, ராத்திரி தலையில துண்டு கட்டலையான்னு ஆள் அனுப்பினாங்க."

சிரித்துச் சிரித்து எனக்குப் புரையேறிவிட்டது. ராஜாவை என்ன செய்தார்கள் என்று கேட்க ஆசை. வாய் வரவில்லை. ஹுதா என் முகத்தைப் பார்த்தே கண்டுகொண்டு அப்பாவிடம் கேட்டார். சமையல்காரரோடு கப்பலில் ஏற்றி அனுப்பினார்களாம். ராஜாவுக்கு வேறு கை சமையல் ஒத்துக்கொள்ளாதாம்.

அதன் பிறகு பக்கத்து நாட்டோடு சேர்ந்தார்கள். கொடியில் ஒரு நட்சத்திரம் கூடுதலாகத் தைத்தார்கள். கொஞ்ச நாளில் பிரிந்தார்கள், அதைப் பிரித்தார்கள். இன்னொரு நாட்டோடு பேச்சு நடந்தது. மறுபடி தைத்தார்கள். கர்னலின் சம்சாரம், "இனிமேல் பொத்தான் வைத்துத் தைத்துவிடுகிறேன், வேண்டும்போது மாட்டிக்கொள்ளுங்கள்," என்று சொன்னாராம். எங்கள் முக்குக் கடையில் ஒவ்வொரு தேர்தலுக்கும் வேட்டியின் கரை நிறம் மாறுகிற ஆட்கள் என் நினைவுக்கு வந்தார்கள்.

பொள்ளாச்சி தாண்டி சாலையோரப் பள்ளிவாசல் ஒன்றில் ஜும்மா தொழுகைக்கு ஆண்கள் இருவரும் இறங்கிப் போனார்கள். நானும் ஹுதாவும் காரில் அவித்த கடலையை உரித்துத் தின்றோம். அவருக்குத் தமிழ் தெரியாது, எனக்கு அரபு தெரியாது. ஆனால் அரை மணி நேரம் பேசிக்கொண்டிருந்தோம். போனில் தன் வீட்டு பால்கனியைக் காட்டினார். கர்னல் முழங்காலிட்டு உட்கார்ந்து புதினாச் செடிக்குத் தண்ணீர் ஊற்றுகிறார். என்னை அவர் 'உம்மு செந்தில்' என்று கூப்பிட்டார். மூத்த மகன் பெயரைச் சொல்லித்தான் அங்கே பெண்களைக் கூப்பிடுவார்களாம். எங்கள் தெருவிலும் நான் செந்தில் அம்மாதான். என் சொந்தப் பெயரைக் கேட்டு வருகிறவர் ரேஷன் கடைக்காரர் மட்டும்.

மறுபடி புறப்பட்டு ஐந்தாறு மைல் போவதற்குள் காரின் முன்பக்கம் புகைந்தது. ரேடியேட்டரில் தண்ணீர் இல்லை. கர்னல் கடிகாரத்தைத் தட்டிக் காட்டி, போ போ என்று கையை வீசினார்.

"போனா இஞ்சின் எரிஞ்சு போயிருமுங்க," என்று சொல்லிவிட்டு சலீம் பாய் தென்னந்தோப்பிலிருந்து குடத்தில் தண்ணீர் கொண்டுவந்து, சூடு ஆறும்வரை காத்திருந்து, கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றினார். கர்னல் அதைப் பார்த்துக்கொண்டே நின்றார். முகம் வாடிப்போயிருந்தது. பிறகு சாலையோரக் கல்லில் உட்கார்ந்து, ரங்கசாமியிடம் கேட்க வேண்டிய அந்த ஒரு வார்த்தை என்ன என்று சொன்னார்.

ஆபீசர்களில் அவர் ஒருவருக்குத்தான் அப்பா விவசாயி. அதனால் அவரைப் பாசன மந்திரி ஆக்கினார்கள். ஆற்றங்கரையில் பெரிய இறைவைத் திட்டம் போட்டார். மோட்டார்கள் கோயமுத்தூரிலிருந்து போயின. மாட்டிக் கொடுக்க ரங்கசாமியும் போனார். ராஜாவை அனுப்பிய நாளை அங்கே ஆண்டுதோறும் விழாவாகக் கொண்டாடுவார்கள். அந்த விழாவில் நாட்டுத் தலைவர் வந்து பட்டனை அமுக்க வேண்டும். ஆற்றில் தண்ணீர் இறங்கியிருந்தது, குழாயில் தண்ணீர் நிற்கவில்லை. "தண்ணி ஊத்தி, காத்து போன பிறகுதான் ஓட்டணும், சாயங்காலம் வரைக்கும் பொறுங்க," என்று ரங்கசாமி கெஞ்சியிருக்கிறார். தலைவர் வந்து நிற்கிறார், இவன் என்ன சொல்வது என்று மந்திரி உத்தரவு போட்டுவிட்டார். வெறும் குழாயோடு ஓடிய மூன்று மோட்டாரும் எரிந்து, புகை தலைவரின் வெள்ளைச் சட்டையெல்லாம் படிந்தது.

"விசாரணை வெச்சாங்க," என்று சலீம் பாய் மெதுவாக மொழிபெயர்த்தார். "இந்தியாக்கார ஃபிட்டரோட கவனக்குறைவுன்னு எழுதியிருந்த காயிதத்துல நான் கையெழுத்துப் போட்டேன். என் பதவி தப்பிச்சுது. அந்தப் பையனை ஒரு வாரத்துல திருப்பி அனுப்பிட்டாங்க. அத்தனை நாட்டையும் ஒண்ணு சேர்க்கறேன்னு கெளம்புனவன், ஒரு ஆளுக்கு நேரா நின்னு என் தப்புன்னு சொல்ல முடியலீங்க."

கார் கிளம்பியது.

உடுமலையில் தேங்காய் மண்டிக்காரரிடம் கேட்டால், "எந்த ரங்கசாமியுங்க? காய் ரங்கசாமியா, கொப்பரை ரங்கசாமியா, மட்டை ரங்கசாமியா?" என்றார்.

"மோட்டார் ரங்கசாமிங்க," என்றார் சலீம் பாய்.

"அப்ப கொப்பரைதான். அவரு தோட்டத்துல ஏழு மோட்டார் ஓடுதுங்க."

கொப்பரை ரங்கசாமி வாட்டசாட்டமான பெரியவர். வாங்க வாங்க என்று உட்கார வைத்தார். அவர் சம்சாரம் காப்பி கொண்டுவந்தார். கர்னல் டம்ளரை வாங்கி, குடிக்காமல், தனக்கு முன்னால் தரையில் வைத்துவிட்டு நிமிர்ந்து உட்கார்ந்தார். சலீம் பாய் என் காதருகே குனிந்தார்.

"அவங்க பக்கத்து வழக்கமுங்க்கா. மன்னிப்போ, பொண்ணோ, பெரிய காரியம் கேட்டு வந்தவங்க குடுத்த காப்பியக் குடிக்காம முன்னால வெச்சுருவாங்க. என்ன வேணும்னு ஊட்டுக்காரர் கேட்டு, சரி குடுத்தேன்னு சொன்ன பொறவுதான் எடுப்பாங்க."

எங்கள் பக்கத்து வழக்கமோ நேர் எதிர். வந்தவர் வாய் நனைக்கும் முன் 'என்ன விஷயமா வந்தீங்க' என்று கேட்டால் அது மரியாதைக் குறைவு. ஆகவே அவர் குடிக்கட்டும் என்று கொப்பரை ரங்கசாமி காத்திருந்தார். இவர் கேட்கட்டும் என்று கர்னல் காத்திருந்தார். மழையைப் பற்றிப் பேசினார்கள். தென்னையில் வெள்ளை ஈ விழுந்திருப்பதைப் பற்றிப் பேசினார்கள். காப்பியில் ஆடை படிந்தது. கடைசியில் பொறுக்க முடியாமல் சலீம் பாய் போட்டோவை எடுத்து நீட்டினார்.

"இது நானில்லீங்க," என்று கொப்பரை ரங்கசாமி வயிறு குலுங்கச் சிரித்தார். "எனக்கு மோட்டார்ல சுவிட்ச் போடத்தான் தெரியும். இது கோபி ரங்கசாமியுங்க. எங்கய்யன் காலத்துல எங்க கெணத்துக்கு மாட்டினதே இவருதான். அவரு கை வெச்சா மோட்டாரு பேசும்பாங்க." ஊர்ப் பெயரையும் எழுதிக் கொடுத்தார்.

கர்னல் உடனே டம்ளரை எடுத்து ஒரே மூச்சில் குடித்துவிட்டு இடமும் வலமுமாக ஆட்டிக் காட்டினார். போதும் என்று அவர்கள் ஊரில் அப்படித்தான் சொல்வார்களாம். வீட்டுக்கார அம்மா, "அடடா, சக்கரை கரையலையாட்ட இருக்குது," என்று ஸ்பூனும் இன்னும் கொஞ்சம் காப்பியும் கொண்டுவந்தார். கர்னல் அதையும் குடித்து மறுபடி ஆட்டினார். மறுபடி சர்க்கரை வந்தது. ஹுதா தலையில் கையை வைத்துக்கொண்டார். பிறகு அரிசிம்பருப்புச் சாதம் போட்டு, நெய் ஊற்றி, ஆளே மாறி வந்திருந்தாலும் விருந்து விருந்துதான் என்று அனுப்பினார்கள்.

சனிக்கிழமை கோபிசெட்டிபாளையம். நெல்லும் வாழையுமாகப் பச்சை தொடங்கியதும் கர்னல் காரை நிறுத்தச் சொன்னார். வாய்க்கால் ஓரத்தில் தடியை ஊன்றி நின்று பார்த்தார். தன் நாட்டில் இப்படி ஒரு இடம் உண்டாக்கத்தான் திட்டம் போட்டாராம். மிச்சக் கதையை அங்கேதான் சொன்னார். பதவி தப்பியது என்றாரே, அது இரண்டு வருஷம் கூட நிலைக்கவில்லை. வேறொரு ஆபீசர் கூட்டம் ரேடியோ ஸ்டேஷனைப் பிடித்தது. அவர்கள் சாவியைக் கையோடு கொண்டுபோயிருந்தார்கள். இவருக்கு ஆறு வருஷம் ஜெயில். பிறகு விடுவித்து, பனி பெய்யும் தேசம் ஒன்றுக்குத் தூதராக அனுப்பினார்கள். பிறகு திரும்பக் கூப்பிட்டார்கள். எதற்குக் கூப்பிடுகிறார்கள் என்று தெரிந்ததால் திரும்பவில்லை. அன்று முதல் மகளோடு, மகளுக்கு வேலை கிடைக்கும் ஊரில் வாசம்.

ரங்கசாமி வீட்டுக்குப் போகும் வழி ஒரு வண்டி போகும் அகலம்தான். எதிரே வாழைத்தார் ஏற்றிய லாரி வந்து நின்றது. லாரியும் நகராது, காரும் திரும்பாது.

"நீங்க மூணு பேரும் மெதுவா நடங்க, நான் வண்டியப் பின்னாடி எடுத்துப்போட்டு ஓடி வாரேன்," என்றார் சலீம் பாய். அந்த இடத்தில் அவருடைய உத்தரவாதம் முடிந்தது.

ஓட்டு வீடு. முன்கட்டில் பிரித்துப் போட்ட மோட்டார்கள். நடுவில் மூக்குக் கண்ணாடி போட்ட பெரியவர் ஒருவர் செம்புக் கம்பி சுற்றிக்கொண்டிருந்தார். போட்டோவில் இருந்த அதே சிரிப்புக் கோடு கன்னத்தில் இருந்தது. எங்களைக் கண்டதும் எழுந்து, "வாங்க, வாங்க," என்று நாற்காலி போட்டார். கர்னலை ஏற இறங்கப் பார்த்தார். சிரிப்புக் கோடு மறைந்தது.

"மந்திரிங்களா?" என்று என்னிடம் கேட்டார்.

நான் தலையை ஆட்டினேன்.

அவர் உள்பக்கம் திரும்பினார். "சரசா, காப்பி வெய்," என்று உள்ளே குரல் கொடுத்தார். அவர் சம்சாரம் புது டம்ளர்களைச் சேலைத் தலைப்பால் துடைத்து, காப்பி ஊற்றிக் கொடுத்தார். கர்னல் வாங்கினார். குடிக்காமல் தரையில் வைத்தார். அப்பாவைப் பார்த்து ஹுதாவும் வைத்தார்.

சரசா அம்மாவின் முகம் மாறியது. "காப்பி ஆகாதுங்களா? மோர் கொண்டாரட்டுங்களா?" என்று என்னைக் கேட்டார்.

அந்தத் தெரு எப்படிப்பட்ட தெரு என்று இந்தப் பக்கத்தில் பிறந்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. தலைமுறை தலைமுறையாகப் பிறத்தியார் தோட்டத்தில் கூலிக்கு நின்ற குடும்பங்கள். வந்தவர் டம்ளரைத் தொட்டு வாய் வைக்காமல் கீழே வைத்தால் அங்கே அதற்கு ஒரே அர்த்தம்தான். நான் சிறுமியாக இருந்தபோது எங்கள் வீட்டிலும், அந்தத் தெருவில் தண்ணீர் கொடுத்தால் குடிக்காதே என்று சொல்லித்தான் வளர்த்தார்கள். நானும் குடிக்காமல் வந்திருக்கிறேன். அப்போது பார்த்த முகங்கள் எல்லாம் சரசா அம்மாவின் முகத்தில் தெரிந்தன.

என் கையிலிருந்த காப்பியைச் சூட்டோடு சூடாகக் குடித்தேன். நாக்கு வெந்துபோனது. "இன்னொரு டம்ளர் இருக்குதுங்களா அம்மணி?" என்று கேட்டேன்.

"வேண்டாங்கறவங்களை வற்புறுத்தாத சரசா," என்றார் ரங்கசாமி. குரல் ஏறவில்லை, மரியாதையும் குறையவில்லை. "அங்க இருந்தப்பவும் அப்படித்தான். எங்க ஷெட்டுக்கு வந்தா மந்திரி நின்னபடியே பேசிப்போட்டுப் போயிருவாரு. அவங்க ஊட்டுக்குள்ள எங்களை யாரு கூப்பிட்டா?"

அவர் செம்புக் கம்பியைக் கையில் எடுத்துவிட்டார். இனி எழுந்து போகச் சொல்வது ஒன்றுதான் பாக்கி. கர்னல் ஒன்றும் விளங்காமல், நிமிர்ந்த முதுகோடு, அவர் கேட்பதற்காகக் காத்துக்கொண்டிருந்தார். வாசலைப் பார்த்தேன். சலீம் பாயைக் காணவில்லை.

"அப்படியில்லீங்க," என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. மறுபடி சொன்னேன். "அப்படியில்லீங்கண்ணா. அது அவங்க ஊர் வழக்கமுங்க. பெரிசா ஒண்ணு கேக்க வந்தா, குடுக்கறேன்னு நீங்க சொல்ற வரைக்கும் காப்பியைத் தொடக் கூடாதுங்களாம். உங்க காப்பிய வேண்டாம்னு வெக்கலீங்க. குடிக்கறதுக்குத் தனக்கு யோக்கியதை இல்லைன்னு வெச்சிருக்கறாருங்க."

ரங்கசாமி கம்பியைக் கீழே வைத்தார். "என்ன கேக்கறாராம்?"

"மன்னிப்புங்க. மோட்டார் எரிஞ்சது உங்க தப்பில்லை. தண்ணி ஊத்தோணும்னு நீங்க சொன்னீங்க, அவருதான் கேக்கலை. பொய்க் காயிதத்துல கையெழுத்துப் போட்டேன்னு நேத்து ரோட்டோரத்துல உக்காந்து சொன்னாருங்க. திங்கக்கிழமை அவருக்கு நெஞ்சுல ஆபரேசன். உங்களைப் பார்க்காம படுக்க மாட்டேங்கறாரு."

என் வாழ்நாளில் ஒரே மூச்சில் அவ்வளவு பேசியதில்லை. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டேன்.

"எனக்குத் தெரியாததை ஒண்ணும் சொல்லலீங்களே," என்றார் ரங்கசாமி. "அந்தக் காயிதத்தை எனக்குத்தானுங்க படிச்சுக் காட்டினாங்க. இந்தத் தெருவுல மொதல்ல வெளிநாடு போனவன் நானு. போறப்ப மாலை போட்டு அனுப்பினாங்க. திரும்பி வந்தப்ப, இவனுகளுக்கெல்லாம் எதுக்கு மெசின் வேலைன்னு ஊருக்குள்ள சிரிச்சாங்க. கணபதியில டீக்கடைக்குப் போனா, மோட்டாரை எரிச்சவன் வாரான்னு சொல்லுவாங்க. எத்தனை வருசம் கேட்டேன் தெரியுங்களா?"

டீக்கடையில் அந்தப் பெரியவர் முகத்தைத் திருப்பிக்கொண்டது அப்போதுதான் எனக்கு விளங்கியது.

சலீம் பாய் மூச்சிரைக்க வந்து சேர்ந்தார். நடந்ததை என்னிடம் கேட்டுக்கொண்டு கர்னலிடம் எல்லாவற்றையும் சொன்னார். கர்னல் எழுந்து நின்று, சட்டைப் பையிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்து இரண்டு கையாலும் நீட்டினார். தப்பு என்னுடையது என்று இங்கிலீஷில் எழுதிக் கையெழுத்துப் போட்டது.

ரங்கசாமி அதை வாங்கவில்லை. "காயிதம் எழுதறது அவருக்குக் கைவந்த வேலை," என்றார். பிறகு, "அந்த மோட்டார் என்னாச்சுன்னு கேளுங்க. தண்ணி வந்துதா?" என்றார்.

கர்னல் சொன்னதை சலீம் பாய் சொன்னார். "மறுபடி கம்பி சுத்தி ஓட்டினாங்களாம். அப்ப இவரு ஜெயில்ல. நாலாவது வருசம் ஒரு காவக்காரர் வெள்ளரிக்காய் கொண்டாந்து குடுத்தாராம். எங்க வெளைஞ்சதுன்னு கேட்டா, உங்க மோட்டார் தண்ணியிலதான்னு சொன்னாராம். அதைத் திங்க முடியலை, அழுதுட்டேங்கறாரு. உங்க மோட்டாருன்னு அவன் சொன்னானே, அது ரங்கசாமி மோட்டாருன்னு எனக்குத்தான் தெரியும்ங்கறாரு."

ரங்கசாமி துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். "கெணத்து மேட்டுக்கு வரச் சொல்லுங்க."

வீட்டுக்குப் பின்னால் அரை ஏக்கர் வாழை. கிணற்று மேட்டில் பழைய மோட்டார் ஒன்று. கணபதியில் செய்தது. அதன் தலையில் ஒரு புனல். ரங்கசாமி ஒரு சொம்பையும் ஒரு வாளித் தண்ணீரையும் கர்னல் முன் வைத்தார்.

"அன்னைக்கு ஊத்தச் சொன்னேன், கேக்கலை. இன்னைக்கு ஊத்தட்டும்."

சலீம் பாய் கடிகாரத்தைப் பார்த்தார். "தோட்டத்துக்குக் கரண்ட் எப்ப வரைக்கும் உடுவாங்க?"

"இன்னும் பத்து நிமிசம். அதுக்குன்னு அவசரப்படக் கூடாது."

கர்னல் ஹுதாவின் தோளைப் பிடித்துக்கொண்டு குனிந்து சொம்பில் மொண்டு ஊற்றினார். புனல் குடித்துக்கொண்டே இருந்தது. குழாய்க்குள்ளிருந்து காற்று முட்டை முட்டையாக வந்தது. எட்டு சொம்பு எண்ணினேன், பிறகு விட்டுவிட்டேன். கர்னல் நிறுத்தி நிமிர்ந்து பார்த்தார். "இன்னும்," என்றார் ரங்கசாமி. மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை. கர்னல் புதினாவுக்கு ஊற்றுகிற மாதிரி பொறுமையாக ஊற்றினார். கடைசியில் புனல் நிரம்பித் தண்ணீர் விளிம்பில் நின்றது, அசையவில்லை.

"இப்பப் போடுங்க."

கர்னல் சுவிட்சைத் தட்டினார். மோட்டார் உறுமியது. ஒரு மூச்சு நேரம் ஒன்றும் வரவில்லை. பிறகு குழாய் வாயிலிருந்து தண்ணீர் தொட்டியில் கொட்டித் தெறித்தது. ஹுதா கைதட்டினார். கர்னல் ஓடும் தண்ணீரில் கையை நீட்டியபடி நின்றார். நனைந்த கையாலேயே ரங்கசாமியின் கையைப் பிடித்தார். ரங்கசாமி கையை இழுத்துக்கொள்ளவில்லை.

"எனக்கு இந்தத் தண்ணியப் பார்த்தாப் போதுமுங்க," என்றார். "அந்தக் காயிதத்தைக் குடுங்க, என்ற பேரன் படிக்கட்டும். காப்பி ஆறிப்போச்சு, வாங்க போலாம்."

சரசா அம்மா சூடு பண்ணப் போனார். கர்னல் விடவில்லை. ஆறிய காப்பியைத்தான் எடுத்துக் குடித்தார், ஒரு சொட்டு மிச்சம் வைக்காமல். டம்ளரை ஆட்டினார். சரசா அம்மா சர்க்கரை டப்பாவை நோக்கித் திரும்பினார். "அது போதும்ங்கறதுங்க அம்மணி," என்று நானே சொன்னேன். இப்போது பேச்சு தானாக வந்தது.

புறப்படும்போது, என்ன ஆபரேசன் என்று ரங்கசாமி விசாரித்தார். வால்வு மாற்றுகிறார்கள் என்றதும் யோசித்தார்.

"வால்வு மாத்தறாங்கன்னா பக்கத்துல ஒரு ஃபிட்டர் வேணுமில்லீங்களா? நான் வாரேன்."

விளையாட்டுக்குச் சொல்கிறார் என்றே நினைத்தேன். திங்கட்கிழமை காலை நானும் ஹுதாவும் சலீம் பாயும் ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில் உட்கார்ந்திருந்தோம். கர்னல் எனக்கு ஒரு சல்யூட் வைத்துவிட்டு உள்ளே போய் ஒரு மணி நேரம் ஆகியிருந்தது. ரங்கசாமி இஸ்திரி போட்ட சட்டையோடு கோபியிலிருந்து முதல் பஸ்ஸில் வந்து இறங்கினார். நான் பிளாஸ்க்கைத் திறந்து ஆளுக்கொரு காப்பி ஊற்றினேன்.

அவர் டம்ளரை வாங்கினார். குடிக்காமல், குனிந்து, தனக்கு முன்னால் தரையில் வைத்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டார். யாரிடம் கேட்கிறார் என்று நாங்கள் கேட்கவில்லை. ஹுதா தன் டம்ளரையும் பக்கத்தில் வைத்தார். சலீம் பாய் வைத்தார். நானும் வைத்தேன். துடைக்க வந்த பெண், "ஏனுங்க, காப்பி நல்லா இல்லீங்களா?" என்று கேட்டுக்கொண்டே டம்ளர்களைச் சுற்றித் துடைத்துவிட்டுப் போனாள்.

பகல் பன்னிரண்டுக்கு மேல் டாக்டர் வெளியே வந்து முகமூடியைக் கழற்றினார். "புது வால்வு நல்லா வேலை செய்யுதுங்க," என்றார்.

ரங்கசாமி குனிந்து டம்ளரை எடுத்தார். ஆடை படிந்து, சில்லென்று ஆறிப்போயிருந்த காப்பியைக் கடைசிவரை குடித்தார். அதை என் பக்கம் நீட்டினார். ஆட்டவில்லை.

நான் மறுபடி ஊற்றினேன்.